குழந்தைகள் இல்லாத கப்பலா, குழந்தைகள் இல்லாத ஒரு வாரமா?

வாசகர் ஒருவரின் கேள்வி, 2 நவம்பர் 2025

குடும்பங்களை நம்பியே தொழில் நடத்தும் பெரிய சொகுசுக் கப்பல் நிறுவனங்கள், ஆண்டில் சில பயணங்களையாவது பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கினால் என்ன? சிறிய கப்பலைத் தேடிப் போகச் சொல்லாதீர்கள். எனக்குப் பெரிய கப்பல்தான் பிடிக்கும். அதன் அரங்கமும் உணவகங்களும் வேண்டும், கூச்சல் மட்டும் வேண்டாம். இப்படிக் கேட்பதால் நான் குழந்தைகளை வெறுப்பவன் ஆகிவிடுவேனா?

3 நவம்பர், காலை

ஆக மாட்டீர்கள். முப்பத்தோராண்டுகள் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். நாள்தோறும் நாற்பது குழந்தைகளின் குரலைக் கேட்டுப் பழகிய காதுக்குத்தான் அந்தக் குரல் இல்லாத ஒரு வாரத்தின் அருமை தெரியும். விடுமுறையில் அடுப்பங்கரைப் பக்கமே போகமாட்டேன் என்கிற சமையற்காரருக்குச் சாப்பாட்டின் மீது பகை என்று யாரும் சொல்வதில்லை.

என் விடை: ஒதுக்கலாம், ஒதுக்கவும் வேண்டும். இது இதுவரை யாரும் செய்யாத காரியமும் அன்று. பிரிட்டனின் பி அண்ட் ஓ நிறுவனம், 5,000 பேருக்கு மேல் ஏற்றிச் செல்லும் ஐயோனா, ஆர்வியா என்ற குடும்பக் கப்பல்களை ஒரு பக்கம் ஓட்டிக்கொண்டே, ஆர்கேடியா, அரோரா என்ற இரு கப்பல்களைப் பெரியவர்களுக்கு மட்டும் என்றே கட்டி வைத்திருக்கிறது. வர்ஜின் வாயேஜஸ் 2021இல் ஸ்கார்லெட் லேடி கப்பலுடன் பயணிகளை ஏற்றத் தொடங்கிய நாளிலிருந்தே பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களை ஏற்றுவதில்லை. வைக்கிங் நிறுவனமும் 2018 முதல் அதே விதியைக் கடைப்பிடிக்கிறது. ஆனால் வைக்கிங்கின் கடற்கப்பல்களில் ஆயிரம் பேர்கூடக் கிடையாது, சூதாட்டக் கூடமும் கிடையாது. கேள்வி கேட்டவர் வேண்டாம் என்று ஒதுக்கும் சிறிய கப்பல் அதுதான்.

என்னை இந்தக் கட்சியில் சேர்த்த நிகழ்ச்சியையும் சொல்லிவிடுகிறேன். பள்ளி விடுமுறைக் காலத்தில் சென்ற ஏழு இரவுப் பயணம் ஒன்றில், முதன்மை நீச்சல் குளத்தை இரண்டு முறை மூடினார்கள். காரணத்தை அறிவிப்புப் பலகை நாகரிகமாக மறைத்தது, பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு விளங்கியது. டயபர் அணிந்த குழந்தைகளைப் பொதுக் குளத்தில் இறக்கக் கூடாது என்பது அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் கப்பல்களில் நெடுங்காலமாக இருந்துவரும் சுகாதார விதி. 1975இல் தொடங்கிய அந்நாட்டின் கப்பல் சுகாதாரத் திட்டம் அதை மேற்பார்வை செய்கிறது. அதற்கென்றே தனியாக அமைத்த சிறு நீர்த்தெளிப்புத் தளங்களில்தான் கைக்குழந்தைகள் விளையாடலாம். விதியை ஊழியர் ஒருவர் பணிவாக எடுத்துச் சொன்னபோது, குழந்தையைக் குளத்தில் இறக்கிய தந்தை அரை மணி நேரம் வாதாடினார்.

3 நவம்பர், இரவு

திருத்தம். அரோராவைப் பெரியவர்களுக்கென்றே கட்டியதாகக் காலையில் எழுதியது பிழை. 2000ஆம் ஆண்டில் அது குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டுதான் ஓடத் தொடங்கியது. 2019இல்தான் பெரியவர்களுக்கான கப்பலாக மாறியது. இந்தப் பிழை என் கட்சிக்கு வலுவே சேர்க்கிறது. குடும்பக் கப்பலாகப் பிறந்த ஒன்று, பத்தொன்பது ஆண்டு உழைப்புக்குப் பிறகு வேறு வாழ்க்கை வாழ முடிகிறது. என்னைப் போல என்று எழுத நினைத்தேன், ஆனால் எனக்கு முப்பத்தோராண்டு ஆயிற்று.

5 நவம்பர்

“குழந்தைகளுக்குக் கட்டணம் குறைவுதானே, அவர்களை விட்டுவிட்டால் நிறுவனத்துக்கு நட்டம் என்ன?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நானும் பல ஆண்டுகள் இப்படித்தான் நினைத்திருந்தேன். கணக்கைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

கப்பல் தொழிலில் ஓர் அறைக்கு இருவர் என்று வைத்துத்தான் கொள்ளளவைக் கணக்கிடுகிறார்கள். எல்லா அறைகளிலும் இருவர் இருந்தால் கப்பல் நூறு விழுக்காடு நிரம்பியதாகப் பொருள். அறையின் மேற்புறத்திலிருந்து இறக்கும் படுக்கையிலும், பிரித்துப் போடும் சோபாவிலும் மூன்றாமவரும் நான்காமவரும் உறங்கும்போது, அந்த எண்ணிக்கை நூற்றைத் தாண்டுகிறது. பெரிய நிறுவனங்கள் தம் பங்குதாரர்களிடம் நூற்றுக்கு மேற்பட்ட நிரம்பல் விழுக்காட்டைப் பெருமையுடன் காட்டுவது இதனால்தான். ராயல் கரீபியனின் ஐகான் ஆஃப் த சீஸ், 2024 ஜனவரியில் பயணம் தொடங்கிய பெருங்கப்பல். அறைக்கு இருவர் என்ற கணக்கில் அதில் 5,610 பேர், மிகுதியாக ஏற்றக்கூடியது 7,600 பேர். இடையில் உள்ள ஏறத்தாழ 2,000 படுக்கைகளில் யார் உறங்குவார்கள் என்று எண்ணிப் பாருங்கள். சோபாவில் உறங்கப் பணம் கொடுத்து வரும் நாற்பது வயதுக்காரர்கள் மிகச் சிலரே இருப்பார்கள்.

ஆகவே பெரியவர்களுக்கு மட்டும் என்று ஒரு வாரத்தை ஒதுக்கினால், அந்த 2,000 படுக்கைகளும் பெரும்பாலும் சுவருக்குள்ளேயே மடிந்து கிடக்கும். கட்டணம் குறைவாக இருந்தாலும், அந்தப் படுக்கையில் வரும் பயணி ஏற்கெனவே விற்றுப்போன அறைக்குள் வருபவர். அவருக்காகக் கூடுதலாக ஓர் அறையைச் சுத்தம் செய்ய வேண்டியதில்லை, கூடுதலாக எரிபொருள் எரிக்க வேண்டியதும் இல்லை. உயிர்காப்புப் படகில் மட்டும் அவருக்கு ஒரு முழு இடம் வேண்டும். ஆறு மாதக் குழந்தையும் அங்கே ஓர் ஆள்தான்.

இன்னொன்றும் உண்டு. சறுக்குகளையும் குழந்தைகள் மன்றத்தையும் ஒரு வாரத்துக்குக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டுப் போக முடியாது. ஐகானில் ஆறு நீர்ச்சறுக்குகள் உள்ளன. சிறு குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கென்றே ஒரு பகுதி முழுவதையும் அமைத்திருக்கிறார்கள். பெரியவர்கள் வாரத்திலும் அந்த எஃகின் எடையைச் சுமந்துகொண்டுதான் கப்பல் ஓடும். சறுக்குகளையாவது நாம் பயன்படுத்தலாம். நான் பயன்படுத்துவேன்.

6 நவம்பர்

லிஃப்ட்டில் ஏறி எல்லாத் தளங்களின் பொத்தான்களையும் அழுத்திவிட்டு ஓடும் பிள்ளைகளைப் பற்றி மூவர் எழுதியிருக்கிறார்கள். பதினாறு தளங்களிலும் நின்று, ஒவ்வொன்றிலும் கதவு திறந்து, யாரும் இல்லாத நடைபாதைக்கு மரியாதை செலுத்திவிட்டு மேலே போன அனுபவம் எனக்கும் உண்டு.

என் தங்கை மகள் இந்தக் குறிப்புகளைப் படிக்கிறாள். “அந்தப் பழக்கம் பதின்மூன்று வயதோடு முடிந்துவிடும், பெரியம்மா. அதற்குப் பிறகு லிஃப்ட்டில் ஏறுவதே கிடையாது, படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு யாரையும் ஏறவிடாமல் செய்வதுதான்” என்று திருத்தம் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு வயது பதினேழு.

8 நவம்பர்

“பெரியவர்களுக்கான பகுதிகள் ஏற்கெனவே எல்லாக் கப்பல்களிலும் இருக்கின்றனவே, அவை போதாவா?” என்பது நியாயமான கேள்வி. முழுமையான விடை சொல்ல வேண்டுமானால், ‘பெரியவர்’ என்ற சொல்லுக்குக் கடலில் எத்தனை பொருள் உண்டு என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

ராயல் கரீபியனின் சோலாரியம் என்ற கண்ணாடிக் கூரைப் பகுதியில் பதினாறு வயது நிரம்பினால் பெரியவர். வர்ஜின் கப்பலில் ஏறப் பதினெட்டு நிரம்ப வேண்டும். கார்னிவலின் செரினிட்டி தளத்துக்குள் நுழைய இருபத்தொன்று. சாகா நிறுவனத்தின் கப்பல்களிலோ ஐம்பது வயது நிரம்பியவர்தான் பயணச்சீட்டு எடுக்கலாம், அவருடன் வருபவருக்கு நாற்பதாவது ஆகியிருக்க வேண்டும். அந்தக் கணக்கில் முப்பத்தொன்பது வயதுக்காரர் ஒருவர், மூன்று நிறுவனங்களில் பெரியவராகவும் ஒன்றில் சிறுவராகவும் இருக்கிறார். கார்ட்டூன் கதைமாந்தர்களைக் காட்டியே குழந்தைகளை ஈர்க்கும் டிஸ்னியின் கப்பல்களில்கூடக் குழந்தைகளுக்கு இடமில்லாத குளமும் உணவகமும் இருக்கின்றன. பிரின்சஸ் கப்பல்களில் சாங்க்சுவரி என்ற அமைதித் தளத்துக்குத் தனிக் கட்டணம் செலுத்த வேண்டும். அமைதியைத் தளம் தளமாகப் பிரித்து விற்பதில் இந்தத் தொழில் நன்கு தேர்ந்துவிட்டது.

அது போதுமா என்றால், கடலிலேயே கழியும் நாட்களில் போதாது. துறைமுகத்தில் நிற்கும் நாட்களில் அந்தப் பகுதிகளில் ஈ காக்கை இருக்காது. கடல் நாளில் காலை ஏழரை மணிக்கே எல்லாச் சாய்வு நாற்காலிகளும் துண்டும் ஒரு பழைய நாவலும் விரித்து ‘பதிவு’ செய்யப்பட்டிருக்கும். ஆளைக் காண முடியாது. ஒரு முறை, ஒரே நாவல் மூன்று நாட்கள் ஒரே பக்கத்தில் கவிழ்ந்து கிடந்ததைக் கவனித்தேன். அந்த நாவலை விரித்து வைத்தவர் குழந்தை அல்லர். குழந்தைகளின் கூச்சலிலிருந்து தப்பி வந்தவர்கள் நாற்காலிக்காக ஒருவரோடொருவர் எழுப்பும் கூச்சல்தான் அங்கே கேட்கும்.

மேலும், பகுதி ஒதுக்குவதால் உணவகம் அமைதியாகாது, அரங்கம் அமைதியாகாது, நடைபாதையும் அமைதியாகாது. கேள்வி கேட்டவர் முழுக் கப்பலையும் கேட்கிறார். அவர் கேட்பதன் பொருள் எனக்குப் புரிகிறது.

9 நவம்பர்

5ஆம் தேதி எழுதியதில் பாதிக் கணக்குதான் இருந்தது. கப்பல் நிறுவனம் பயணச்சீட்டில் மட்டும் சம்பாதிப்பதில்லை. மதுக்கூடம், சூதாட்டக் கூடம், நீராவிக் குளியல், தனிக் கட்டண உணவகம், கரைச் சுற்றுலா எனக் கப்பலில் ஏறிய பிறகு செலவாகும் பணம் பெரிது. அந்தச் செலவைச் செய்பவர்கள் பெரியவர்கள். குழந்தையைத் தூங்க வைக்க ஒன்பது மணிக்கு அறைக்குத் திரும்பும் தம்பதியைவிட, நள்ளிரவு வரை வெளியில் இருக்கும் தம்பதி கூடுதலாகச் செலவழிப்பார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். இரண்டாயிரம் படுக்கைகளின் இழப்பை இது ஈடுகட்டும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதும்போது பாரடைஸ் கப்பலின் கதை நினைவுக்கு வந்து கையைப் பிடித்தது.

கார்னிவல் நிறுவனம் 1998இல் பாரடைஸ் என்ற கப்பலை முற்றிலும் புகைக்குத் தடை விதித்த கப்பலாக இறக்கியது. விதி வெறும் அறிவிப்பாக நின்றுவிடவில்லை. சிகரெட்டுடன் பிடிபட்டவருக்கு 250 டாலர் அபராதம். அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவார்கள், வீடு திரும்பும் செலவும் அவருடையதே. புகை வேண்டாம் என்று சொன்ன பயணிகள் ஏராளமாக இருந்த காலம் அது, கருத்தும் நல்ல கருத்து. இருந்தும் 2004இல் அந்தத் தடையைக் கைவிட்டார்கள். மதுக்கூடத்திலும் சூதாட்டக் கூடத்திலும் எதிர்பார்த்த அளவு பணம் புரளவில்லை என்பதே அப்போது பரவலாகச் சொல்லப்பட்ட காரணம்.

எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது வேறொரு காரணம். கப்பல் பயணத்துக்கு மக்கள் தனித்தனியாக வருவதில்லை. எட்டுப் பேர் சேர்ந்து திட்டமிடுகிறார்கள். எட்டில் ஒருவர் புகைப்பவராக இருந்தால், மற்ற ஏழு பேரும் அவருக்காக வேறு கப்பலுக்குப் போகிறார்கள். தடை விலக்கியது ஒருவரைத்தான் என்றாலும், கப்பல் இழந்தது எட்டுப் பேரை. குழந்தைக்கும் இதே கணக்குப் பொருந்தும் என்றால், நான் இதுவரை எண்ணிய இழப்பு மிகக் குறைவு. கூட்டுக் குடும்பமாக வரும் பத்துப் பேரில் ஒரு குழந்தை இருந்தாலும் பத்துப் பேரும் போய்விடுவார்கள்.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பாரடைஸ் ஆண்டு முழுவதும் புகையற்ற கப்பலாக இருந்தது. கேள்வி கேட்டவர் கேட்பதோ சில வாரங்கள்.

12 நவம்பர்

“நீங்கள் எப்போதாவது பெரியவர்களுக்கு மட்டுமான பயணத்தில் போயிருக்கிறீர்களா?” என்று கேட்டுவிட்டார்கள். போயிருக்கிறேன், ஒரு முறை. நிறுவனத்தின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. நான் சொல்லப்போகும் குறைக்கு நிறுவனம் காரணம் அன்று, குறை பயணிகளுடையது.

முதல் நாள் காலை உணவு எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. எந்தத் தட்டும் கீழே விழவில்லை, யாரும் மேசைக்கு அடியில் ஓடவில்லை. காப்பிக் கோப்பையின் மீது கரண்டி தட்டும் ஒலி கேட்டது. முப்பத்தோராண்டு கழித்துக் கரண்டியின் ஒலியைக் கேட்கிறேன் என்று என் கணவரிடம் சொன்னேன். அவர் கேட்கவில்லை, தூங்கிக்கொண்டிருந்தார். குளத்தில் நீளமாக நீந்த முடிந்தது. நூலகத்தில் நூல்கள் அகர வரிசையில் இருந்தன.

இரவில்தான் எல்லாம் மாறியது. பின்னிரவு இரண்டு மணிக்கு நடைபாதையில் நான்கு ஆண்கள், ஒருவர் தோளில் ஒருவர் கையைப் போட்டுக்கொண்டு, தங்கள் அறை எண்ணை உரக்கத் தேடினார்கள். ஒவ்வொரு கதவிலும் அட்டையைச் செருகிப் பார்த்தார்கள். எங்கள் கதவிலும். மூன்றாம் இரவிலிருந்து அது வழக்கமாயிற்று. எங்கள் அறைக்கும் பக்கத்து அறைக்கும் இடையில் இணைப்புக் கதவு ஒன்று இருந்தது. குடும்பங்கள் இரண்டு அறைகளைச் சேர்த்து எடுப்பதற்காக அமைக்கும் கதவு அது. சுவர் தடுக்கும் ஒலியை அந்தக் கதவு தடுப்பதில்லை. அறுபது வயதுத் தம்பதி ஒன்றின் ஆறு நாள் சண்டையைத் தொடக்கம் முதல் சமாதானம் வரை கேட்டோம். சமாதானம் அதைவிட உரக்க இருந்தது.

குழந்தைகளுக்கு எதிராக எழுதும் எவரும் ஒன்றைக் கருத வேண்டும். குழந்தை ஒன்பது மணிக்குத் தூங்கிவிடும். அதன் பெற்றோரும் கூடவே அடங்கிவிடுவார்கள். குடும்பக் கப்பலில் இரவு பதினொரு மணிக்கு மேல் நடைபாதைகள் அமைதியாக இருப்பதற்கு, நான் எவரைக் குறை சொல்லி வந்தேனோ அவர்களே காரணம் என்பதை நான் குழந்தைகள் இல்லாத கப்பலில்தான் கண்டுபிடித்தேன்.

13 நவம்பர்

நேற்று எழுதியதைப் படித்த ஒருவர், நான் கட்சி மாறிவிட்டதாக வாழ்த்துச் சொல்லியிருக்கிறார். மாறவில்லை. அந்தப் பயணத்துக்கு மீண்டும் போவேன். இணைப்புக் கதவு இல்லாத அறையாகக் கேட்பேன், அவ்வளவே.

16 நவம்பர்

சட்டம் பற்றி. வயதைக் காட்டி ஒருவரை விலக்குவது பாகுபாடு ஆகாதா என்று இருவர் வெவ்வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள்.

பெரியவர்களுக்கான கப்பல்கள் மிகுதியாக உள்ள பிரிட்டனை எடுத்துக்கொள்ளலாம். அந்நாட்டின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம், சேவை வழங்குவதில் வயதுப் பாகுபாட்டைத் தடுக்கிறது. அந்தப் பிரிவு 2012 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் சேவைகளைப் பொறுத்தவரை அந்தப் பாதுகாப்பு பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கு மட்டுமே. எனவே பதினைந்து வயதுச் சிறுவனைக் கப்பலில் ஏற்ற மறுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. விந்தை என்னவென்றால், ஐம்பது வயதுக்கு மேற்பட்டோருக்கான பயணங்கள்தான் சட்டச் சிக்கலில் மாட்டியிருக்க வேண்டியவை, ஏனெனில் அவை விலக்குவது முப்பது வயதுப் பெரியவர்களை. அத்தகைய விடுமுறைப் பயணங்களுக்காகத் தனியாக ஒரு விதிவிலக்கையும் சேர்த்தே அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தினார்கள்.

சட்டம் இருக்கட்டும். எந்தப் பெரிய நிறுவனமும் எல்லா வயதினரையும் இன்றுகூட ஏற்றுவதில்லை. ஆறு மாதம் நிரம்பாத குழந்தையைப் பொதுவாக ஏற்ற மாட்டார்கள். பெருங்கடலைக் கடக்கும் பயணங்களில் பன்னிரண்டு மாதம் நிரம்பியிருக்க வேண்டும். மருத்துவ வசதி அருகில் இல்லாத நாட்களை எண்ணி வைத்த விதி அது, எல்லாரும் அதை ஏற்றுக்கொள்கிறார்கள். வயது வரம்பே அநீதி என்று வாதிடுபவர்கள் அங்கிருந்து தொடங்க வேண்டும். என் ஐயம் வேறு. பாதுகாப்புக்காக வைக்கும் வரம்பும் சிலரது வசதிக்காக வைக்கும் வரம்பும் ஒரே எடை உடையவை அல்ல. இரண்டாவதைக் கேட்கும்போது குரலைச் சற்றுத் தாழ்த்திக் கேட்பதே முறை.

20 நவம்பர்

பணியில் இருந்த காலம் முழுவதும், பள்ளி மூடிய நாட்களில் மட்டுமே என்னால் பயணம் போக முடிந்தது. குழந்தைகளிடமிருந்து விடுபட விரும்பிய ஒருத்தி, உலகத்துக் குழந்தைகள் எல்லாரும் கப்பலில் ஏறும் அதே வாரத்தில் ஏறினாள். ஓய்வு பெற்ற பிறகுதான் செப்டம்பர் என்று ஒரு மாதம் இருப்பது எனக்குத் தெரிந்தது.

இதை நான் இவ்வளவு நாள் எழுதாமல் விட்டதுதான் வேடிக்கை. பள்ளிகள் திறந்த பிறகு வரும் வாரங்களிலும், டிசம்பரின் தொடக்கத்திலும், புத்தாண்டு கழிந்த ஜனவரியிலும், பெரிய குடும்பக் கப்பல்களிலேயே குழந்தைகள் மிகக் குறைவு. பதினான்கு நாளுக்கு மேற்பட்ட பயணங்களில் இன்னும் குறைவு. பருவம் மாறும்போது கப்பல்களை ஒரு கடலிலிருந்து மற்றொரு கடலுக்கு நகர்த்துவார்கள். ஐரோப்பியக் கோடையை முடித்துக்கொண்டு இலையுதிர் காலத்தில் அட்லாண்டிக்கைக் கடந்து கரீபியனுக்குப் போகும் பயணமும், வசந்த காலத்தில் திரும்பி வரும் பயணமும் அத்தகையவை. ஒரு வாரம் வரை கரையே தென்படாது, விலை மலிவு. அப்படி ஒரு பயணத்தில், மூவாயிரம் பேர் செல்லக்கூடிய கப்பலில் நான் எண்ணிய குழந்தைகள் ஐவர். ஐந்தாவது குழந்தையை இரண்டு முறை எண்ணியிருக்கலாம்.

அப்படியானால் தனிப் பயணம் எதற்கு என்று கேட்கலாம். உறுதிக்காக. ஐந்து குழந்தைகள்தான் இருப்பார்கள் என்பதை நான் கப்பலில் ஏறிய பிறகே அறிந்தேன். முன்பதிவு செய்யும்போது யாரும் அதைச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஏற்கெனவே குழந்தைகள் வராத வாரங்களைத் தேர்ந்து, அவற்றைப் பெரியவர்களுக்கான வாரங்கள் என்று அறிவித்தால், நிறுவனம் இழப்பது சில படுக்கைகள்தாம். 5ஆம் தேதி நான் போட்ட இரண்டாயிரம் படுக்கைக் கணக்கு கோடைக்காலத்துக்குப் பொருந்துமே தவிர, செப்டம்பருக்குப் பொருந்தாது. அந்தக் கணக்கை இந்த அளவுக்குத் திருத்திக்கொள்கிறேன்.

குழந்தைகள் மன்றத்து ஊழியர்களை அந்த வாரத்தில் என்ன செய்வது என்று கேட்டவருக்கு: அவர்களுக்குப் பல மாத ஒப்பந்தம், இடையில் ஓய்வு நாட்கள் மிகவும் அரிது. ஒரு வாரம் அவர்களைத் தூங்க விடலாம்.

27 நவம்பர்

அந்த ஐவரில் ஒருவனைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவள் ஆவேன். பத்து வயது இருக்கும். தாத்தா, பாட்டியுடன் வந்திருந்தான். அவன் வயதில் பேச ஆள் இல்லை, குழந்தைகள் மன்றத்திலோ அவனைவிட மிகச் சிறிய பிள்ளைகள். நடுக்கடலில் இரண்டாம் நாள், நான் படித்துக்கொண்டிருந்த மேசைக்கு வந்து, கப்பல் மணிக்கு எத்தனை கடல்மைல் போகிறது என்பதைத் தொலைக்காட்சியின் வரைபடத்தில் பார்த்துத் தினமும் குறித்து வைப்பதாகச் சொன்னான். கடிகாரத்தை ஏன் இரவுதோறும் மாற்றச் சொல்கிறார்கள் என்று கேட்டான். மேற்கே போகப் போக ஒரு நாளுக்கு இருபத்தைந்து மணி நேரம் கிடைக்கிறது என்று விளக்கினேன். “அப்படியானால் சேர்த்து வைத்த மணிகளைத் திரும்பி வரும்போது கொடுத்துவிட வேண்டுமா?” என்றான். அமைதி வேண்டி வந்த நான், மீதி ஐந்து நாட்களும் அவனுக்குத் தீர்க்கரேகை கற்றுக் கொடுத்தேன்.

அந்தப் பயணத்தைப் பெரியவர்களுக்கு மட்டும் என்று அறிவித்திருந்தால், அவனோடு அவன் தாத்தா, பாட்டியும் கரையில் நின்றிருப்பார்கள். 9ஆம் தேதி எழுதிய எட்டுப் பேர் கணக்கு மீண்டும் வந்து நிற்கிறது. ஆகவே பருவம் மாறும் பயணங்களை எல்லாருக்கும் திறந்தே வைக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். பெரியவர்களுக்கென ஒதுக்குவது குறுகிய பயணங்களாகவும், ஒன்றரை ஆண்டுக்கு முன்பே அறிவித்தவையாகவும் இருக்கட்டும். அதே தேதிகளில் அருகில் உள்ள துறைமுகத்திலிருந்து அதே நிறுவனத்தின் வேறொரு கப்பல் குடும்பங்களுக்காகப் புறப்பட வேண்டும். பத்துக்கு மேற்பட்ட கப்பல்களை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இது இயலாத காரியம் அன்று. இரவில் நடைபாதைச் சத்தத்துக்கு எதிரான விதியையும் சேர்க்க வேண்டும். பதினேழும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் பின்னிரவு ஒரு மணிக்கு மேல் பொது இடங்களில் தனியாகத் திரியக் கூடாது என்று கார்னிவல் கப்பல்களில் ஊரடங்கு உண்டு. ஐம்பது வயதுக்காரர்களுக்கும் அதை நீட்டிக்க நான் முன்மொழிகிறேன். வழிமொழிய யாராவது வேண்டும்.

6 டிசம்பர்

ஒரு வாரத்துக்கு மேல் எழுதவில்லை. காரணம் இருக்கிறது.

அடுத்த ஆண்டு என் தங்கைக்கு ஐம்பது வயது நிறைகிறது. நாங்கள் இருவர், தங்கையும் அவள் கணவரும், எங்கள் தாயார், தங்கை மகள் என ஆறு பேர் சேர்ந்து கப்பல் பயணம் போவதென முடிவாயிற்று. இத்தனை நாள் இங்கே வாதாடியவள் என்ற உரிமையில், பெரியவர்களுக்கு மட்டுமான பயணம் ஒன்றை நானே தேர்ந்தெடுத்து, மூன்று அறைகளைக் கேட்டிருந்தேன். இணைப்புக் கதவு இல்லாதவை. பயணிகளின் பிறந்த தேதிகளை நிரப்பும்போதுதான் தெரிந்தது, தங்கை மகளுக்குப் பதினெட்டு நிரம்புவது கப்பல் புறப்பட்டுப் பன்னிரண்டு நாட்கள் கழித்து. ஏறும் நாளில் பதினெட்டு நிரம்பியிருக்க வேண்டும் என்பது விதி. தொலைபேசியில் கேட்டேன். விதியைப் பணிவாக எடுத்துச் சொன்னார்கள். நான் அரை மணி நேரம் வாதாடினேன்.

மூன்று அறைகளும் இப்போது வேறொரு நிறுவனத்தின் குடும்பக் கப்பலில் இருக்கின்றன. அங்கே பெரியவர்களுக்கான கண்ணாடிக் கூரைப் பகுதிக்குள் பதினாறு வயதிலேயே போகலாம் என்பதை அவள் எனக்கு முன்பாகவே பார்த்து வைத்திருக்கிறாள். கடல் நாட்களில் காலை ஏழு மணிக்கே எழுந்து போய் எனக்கும் சேர்த்து நாற்காலி பிடித்து வைப்பதாகச் சொல்கிறாள். விரித்து வைக்க ஒரு பழைய நாவல் மட்டும் நான் கொண்டுவர வேண்டுமாம்.